வாட்டம்தான் விஷயமே!

பாத்ரூம் தரை போடும்போது மேஸ்திரி சொல்லும் முதல் வார்த்தை என்ன? "வாட்டம் பாத்து விடுப்பா!" அது தப்பினால் தண்ணீர் மூலையில் தேங்கும். சிங்கப்பூரில் அந்த வாட்டத்தையே 48 கிலோமீட்டருக்குப் பிடித்திருக்கிறார்கள்!

1990-ல் சுமார் 30 லட்சம் பேர் இருந்த நாடு அது. 2020-ல் சுமார் 57 லட்சம். ஆள் கூடினால் சாக்கடையும் கூடும்தானே? இடமோ கையளவுதான். முன்பு அங்கே ஆறு சுத்திகரிப்பு நிலையங்களும், நூற்றுக்கும் மேற்பட்ட பம்பிங் ஸ்டேஷன்களும் இருந்தன. இத்தனை பம்ப் எதற்கு? பாதாள சாக்கடைக் குழாய் சரிவாகப் போகப் போக ஆழம் கூடும். ஓர் அளவுக்கு மேல் பள்ளம் தோண்டிக் குழாய் போட முடியாது. உடனே பம்ப் வைத்து மேலே ஏற்றி, மறுபடி முதலிலிருந்து சரிவு! கரண்ட் போனால் கதை கந்தல்.

"பம்பே வேணாம், பூமியே இழுக்கட்டும்" என்று முடிவு செய்தார்கள். வடக்கே கிராஞ்சியிலிருந்து கிழக்கே சாங்கி வரை ஒரே சுரங்கம். விட்டம் 6 மீட்டர் வரை. நாமே கணக்குப் போடுவோமே! 1000 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று வைத்தாலும் கடைசியில் 48 மீட்டர் இறங்கிவிடும். நிஜத்திலும் அது 20 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 50 மீட்டரைத் தாண்டுகிறது. சரிவைக் குறைத்தால் என்ன? நம்ம பாடத்தில் வரும் விநாடிக்கு 0.6 மீட்டர் வேகம் ஞாபகம் இருக்கிறதா? அதற்குக் கீழே போனால் மண்டி அடியில் படிந்துவிடும்.

இனிதான் சுவாரசியம். சாக்கடையிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம். அது மேல்கூரை ஈரத்தில் ஒட்ட, பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். ஆக, தண்ணீர் ஓடும் அடிப்பாகத்தை விட, தண்ணீரே தொடாத கூரைதான் முதலில் அரிக்கும்! அதனால் கான்கிரீட்டின் உட்புறம் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். ஒருமுறை சாக்கடை ஓட ஆரம்பித்தால் நிறுத்திவிட்டுப் பூச முடியாதே!

சாங்கி நிலையம் 2009-ல் திறக்கப்பட்டது. அப்போது நாளொன்றுக்கு 80 கோடி லிட்டர். இடம் மிச்சம் பிடிக்கத் தொட்டிகளை அடுக்கடுக்காகக் கட்டினார்கள். மொட்டை மாடியில் 'நியூவாட்டர்' ஆலை வேறு! சுத்தம் செய்த நீரை மெல்லிய சவ்வுகளில் வடிகட்டி, புற ஊதாக் கதிர் காட்டி, மறுபடி உபயோகிக்கிறார்கள். மிச்சம் கடலுக்கு.

அடுத்த கட்டமாக மேற்கே துவாஸ் நோக்கிய சுரங்கத்தைத் தோண்டும் வேலை 2023-ல் முடிந்தது. இதில் நடுநடுவே கதவுகள் உண்டு. ஒரு பகுதியை மட்டும் அடைத்துவிட்டுப் பழுது பார்க்கலாம். சுவருக்குள் ஃபைபர் ஆப்டிக் கேபிள் பதித்திருக்கிறார்கள், விரிசல் விட்டால் மேலேயே தெரிந்துவிடும். சும்மா பார்த்து வர ஆளை இறக்க வேண்டியதில்லை.

அந்தக் கூரையை அரிக்கும் அதே வாயுதான், நம் ஊர் மேன்ஹோலில் இறங்குகிறவரை இரண்டு மூச்சில் சாய்த்துவிடுகிறது. அப்படி ஆளை இறக்குவதைத் தடுக்க 2013-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. ஆனாலும் சாவுச் செய்தி நிற்கவில்லை. நாளை சைட்டில் டிராயிங்கோடு நிற்கப்போவது நாம்தான். அடைப்பு எடுக்க மெஷின் வண்டி வந்து நிற்குமளவுக்கு அந்தத் தெருவில் இடம் விட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கப்பா.