முற்றத்துக் கூடாரம்

ஒரு சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. அகராதி ஒரு பொருள் சொல்லும். ஒருவர் வாழ்ந்த வாழ்க்கை வேறொரு பொருள் சொல்லும். நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் நான். இவ்வுண்மையை மாணவர்க்குப் பலமுறை எடுத்துரைத்ததுமுண்டு. ஆயினும் அதனை உள்ளபடி நான் உணர்ந்தது வகுப்பறையிலன்று. எங்கள் வீட்டு விறாந்தையிலே, ஒரு மாலைப் பொழுதிலேதான்.

பாடசாலைகளுக்கு ஆவணி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. பேரனுக்கு வயது பதின்மூன்று, பேர்த்திக்குப் பத்து. இருவரும் ஓடிவந்து என் சாய்மனைக் கதிரையின் இரு புறமும் நின்றனர்.

"தாத்தா, இந்த முறை நாங்கள் முகாம் போடப் போறம். மணற்காட்டிலை, ரண்டு இரவு. அப்பாவும் ஓமெண்டிட்டார்."

வடமராட்சி கிழக்கிலே மணற்குன்றுகளும் சவுக்கு மரங்களும் நிறைந்த ஊர் மணற்காடு. அதற்கண்மையில் மருமகனின் நண்பர் ஒருவருக்குத் தென்னங்காணி உண்டு. கிணறும் உண்டு, கடலும் கூப்பிடு தூரம். பிள்ளைகளின் ஆசையில் நான் பிழை காணவில்லை. ஆனால், அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கையிற் சுளகு நின்றுவிட்டது.

"வீடு இருக்கேக்கை ஆரும் முகாமுக்குப் போவினமோ?" என்றாள். அவ்வளவுதான். அரிசியைப் பாதியில் விட்டு உள்ளே சென்றுவிட்டாள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தனர்.

'முகாம்' என்பது அரபு மொழியிலே பிறந்து, இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொல். தங்குமிடம் என்பதே அதன் பொருள். நம் பழந்தமிழர் பாசறை என்றனர், பாடி என்றனர். பத்துப்பாட்டிலே மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு, 103 அடிகளுக்குள் ஒரு பாசறையையும் ஒரு வீட்டையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது. பாசறையிலே யவனர் காவல் புரிகின்றனர். நாழிகைக் கணக்கர் நீர்க் கன்னலால் நேரம் அறிகின்றனர். அரசனோ புண்பட்ட யானைகளையும் மறவரையும் நினைந்து உறக்கமின்றியிருக்கிறான். வீட்டிலே அவன் மனைவி காத்திருக்கிறாள். முதுபெண்டிர் நற்சொற் கேட்டு வந்து, அவன் திரும்பி வருவான் என்று அவளைத் தேற்றுகின்றனர். அவனும் வந்துவிடுகிறான். இப்பாட்டைப் படிப்பித்த நாட்களில் பாசறை வருணனையிலேதான் நான் அதிக நேரத்தைச் செலவிட்டேன். திரும்பி வருதல் என்பதை ஏனோ விரைந்து கடந்துவிட்டேன்.

எனக்கும் முகாம் என்றால் இனிய நினைவுகள் உண்டு. பேடன் பவல் 1907 இல் பிரவுன்சித் தீவிலே சிறுவர் சிலரைக் கூட்டிச் சென்று கூடாரமடித்துத் தங்கவைத்ததிலிருந்து சாரணர் இயக்கம் தொடங்கிற்று. இலங்கையில் 1912 இல் மாத்தளையிலே அது கால்கொண்டது. பள்ளிப் பருவத்தில் நானும் சாரணனாயிருந்தேன். முளையடிக்கவும் முடிச்சுப் போடவும் கற்றதும், அரைவேக்காட்டுச் சோற்றை நட்சத்திரங்களின் கீழிருந்து உண்டதும் இன்றும் நெஞ்சில் உள்ளன.

என் மனைவிக்கு வாய்த்த கூடாரம் வேறு.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியது. எங்களிடம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்றின் கரியரிலே என் மாமியாரை இருத்தி நான் தள்ளிச் சென்றேன். மற்றதன் கரியரிலே என் மனைவி தன் கைத் தையல் இயந்திரத்தைச் சாக்கிற் சுற்றிக் கட்டியிருந்தாள். எங்கள் மகளுக்கு அப்போது பதினொரு வயது. தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நடந்தாள். மழையும் பெய்தது. இலட்சக் கணக்கானோர் ஒரே வீதியில் நகர்ந்தமையால், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது விடிந்துவிட்டது.

மீசாலையில் ஒரு தென்னந்தோப்பிலே ஆறு மாதம் இருந்தோம். பழைய லொறிப் படங்கு ஒன்றை இரவலாகப் பெற்று, அதன் கிழிசல்களை அந்த இயந்திரத்தினாலேயே தைத்து, மரத்துக்கு மரம் கயிறு கட்டி அதன்மேல் போட்டாள் என் மனைவி. மாமியார் நாள்தோறும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எப்ப பிள்ளை வீட்டை போறது?" மார்கழி மழையில், அந்தப் படங்கின் கீழேயே அவர் கண்மூடினார். 1996 சித்திரையில் நாங்கள் வீடு திரும்பினோம். அவர் திரும்பவில்லை.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கு எவரும் முறையாகச் சொன்னதில்லை. சொல்லாமலிருப்பதே அன்பு என்று எண்ணியிருந்தோம் போலும்.

பிள்ளைகளோ ஆயத்தங்களைத் தொடங்கிவிட்டனர். கடையிற் கூடாரம் வாங்க வேண்டாம், நாமே செய்வோம் என்பது பேரனின் முடிவு. கொப்பியில் ஒரு முக்கோணம் கீறினான். உயரம் நான்கு அடி. அகலம் ஆறு அடி. பாதி அகலம் மூன்று. எனவே சரிவு ஐந்து அடி. பைதகரசின் தேற்றம் பரீட்சைத் தாளை விட்டு வெளியேறி எங்கள் முற்றத்துக்கு வந்ததைக் கண்டு நான் மகிழ்ந்தேன். இரு சரிவுக்கும் பத்து அடி. 36 அங்குல அகலத் துணியில் மூன்று பட்டை. ஆகப் பத்து யார் தடித்த காடாத்துணி. முன்னும் பின்னும் மறைக்கப் பழைய படுக்கை விரிப்புகள். தூணுக்குப் பூவரசந் தடிகள். முளைகளைப் பனைமட்டையிலே சீவிக் கொடுத்தது என் பங்கு.

பேர்த்தி விளக்குக்குப் பொறுப்பாளி. மின்சூள் இருக்கையில் வேறு விளக்கு எதற்கு என்று அண்ணன் கேட்டும் அவள் விடவில்லை. 1990 இன் பின்னர், மின்சாரமும் இன்றி, மண்ணெண்ணெயும் பொன்போல அரிதாயிருந்த நாட்களில், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கிலே படித்துப் பரீட்சை எழுதினர். போத்தலின் அடியிற் பஞ்சு, அதன்மேற் சிறிதளவு எண்ணெய், கம்பியில் தாங்கிய ஒரு திரி. அதனை அவளுக்குச் செய்து காட்டினேன். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட கதையையும் சொன்னேன். "அப்ப நீங்கள் எல்லாரும் விஞ்ஞானிகளோ, தாத்தா?" என்று வியந்தாள். இல்லாமை கற்பித்த விஞ்ஞானம் அது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

தையல் வந்தபோது வேலை நின்றது. இயந்திரம் அம்மம்மாவுடையது.

"உந்த வேலைக்கு என்ரை மெசின் ஓடாது," என்றாள் அவள்.

மகள் பரிந்து பேச முயன்றாள், பயனில்லை. பிள்ளைகள் மனந்தளராமல் கையூசியாலேயே தைத்தனர். நான்கு நாட்கள் சென்றன. விரல்களில் ஊசி ஏறியது. ஐந்தாம் நாள் முற்றத்திலே கூடாரம் எழுந்தது. நீளம் ஒன்பது அடி என்ற கணக்கும் பிழைத்தது. தையலும் ஓர மடிப்பும் தின்னும் துணியைப் பேரன் எண்ணியிருக்கவில்லை. மழை வந்தால் என்னாகும் என்று பார்ப்பதற்காகக் கிணற்றிலிருந்து ஒரு வாளி நீரை அள்ளிச் சரிவிலே ஊற்றினான். உள்ளிருந்த தங்கை நனைந்து அலறினாள். தையல் வழியே நீர் தாரையாக ஒழுகிற்று. துணியூடாகவும் தூவானமாக இறங்கிற்று. மேலே படர்ந்த நீரைத் துடைக்க அவள் உள்ளிருந்து கையை வைக்க, அவ்விடமே புதிதாக ஒழுகத் தொடங்கிற்று.

"கையை எடு, பிள்ளை! உள்ளுக்குச் சரிவிலை கை படக்கூடாது!"

குசினி வாசலிலிருந்து வந்தது அக்குரல். சொன்ன பின்னரே, தான் சொன்னதை உணர்ந்தவள்போல என் மனைவி சிறிது நேரம் அப்படியே நின்றாள். பின்னர் மெல்ல இறங்கி வந்து, துணியின் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தாள். நல்ல தையற்காரிக்குக் கெட்ட தையலைக் கண்டால் பொறுக்காது.

"உது தையலோ? சாக்குக் கட்டுறதுக்கும் காணாது. கழட்டுங்கோ முழுவதையும்."

அன்று பிற்பகல் இயந்திரம் விறாந்தைக்கு வந்தது. இரு பட்டைகளின் ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, இரண்டு வரியாகத் தைக்க வேண்டும் என்று காட்டினாள். தையல் மேலிருந்து கீழாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் நீர் அதில் தங்கும். ஊசித் துளைகளின்மேல் மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்தாள். புதிய பருத்தித் துணி முதல் நனைவில் ஒழுகத்தான் செய்யும். இழை ஊறிப் பருத்துக் கண்கள் அடைபடும். ஆகவே நனைத்து நனைத்துக் காயவிட வேண்டும் என்றாள். மணலிலே முளை நில்லாது. கயிற்றைக் குறுக்குத் தடியிற் கட்டிப் புதைக்கவேண்டும். சோளகக் காற்றுக்கு வாசலைக் காட்டக்கூடாது. விளக்கு வெளியிலே தொங்கவேண்டும். துணிக்குள் நெருப்பு ஆகாது.

சாரணனாகிய நான் இவற்றிற் பாதியைப் புத்தகத்திற் படித்து மறந்திருந்தேன். அவள் படித்த இடம் வேறு, ஆகையால் மறக்கவில்லை.

"அம்மம்மா, உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?" என்று பேரன் கேட்டான். இயந்திரத்தின் கைபிடி சுழன்றுகொண்டேயிருந்தது. அதை நிறுத்தாமலே அவள் சொல்லத் தொடங்கினாள்: மழையை, பாலத்தை, படங்கை, தன் தாயை. நானும் மகளும் வாசலில் நின்று கேட்டோம். முப்பது ஆண்டுகள் கழிந்து, ஒரு விளையாட்டுக் கூடாரத்தின் தையலோடு அக்கதை இழையிழையாக வெளிவந்தது. பிள்ளைகள் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தபடி கேட்டிருந்தனர்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, ஒத்திகையாகப் பிள்ளைகள் முற்றத்துக் கூடாரத்திலேயே உறங்கினர். நள்ளிரவில் விழித்தேன், மனைவியின் பாய் வெறுமையாயிருந்தது. வெளியே வந்தேன். பூவரசந் தடியிலே ஜாம் போத்தல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கூடார வாசலில், உறங்கும் பிள்ளைகளின் தலைமாட்டில் அமர்ந்திருந்தாள்.

"அம்மாவும் இப்பிடித்தான் வாசற் பக்கம் தலைவைச்சுக் கிடந்தவ," என்றாள். "கை படக்கூடாதெண்டு முதன்முதல் அவவுக்குத்தான் சொன்னனான்."

நான் எதுவும் பேசவில்லை. அருகில் அமர்ந்தேன். சிறிது நேரத்தின் பின் அவள் வீட்டை நோக்கினாள். விறாந்தை விளக்கு எரிந்தது. கதவு திறந்து கிடந்தது.

"இஞ்சையிருந்து பாத்தால் எங்கடை வீடு தெரியுது," என்றாள்.

அப்போதுதான் எனக்கு முல்லைப்பாட்டின் மற்றப் பாதி விளங்கியது. விடுமுறைக் கூடாரத்துக்கும் மீசாலைப் படங்குக்கும் துணியிலே பேதமில்லை. கயிற்றிலே, முளையிலே பேதமில்லை. போனவர் திரும்பி வருவதற்கு வீடொன்று காத்திருப்பதிலேதான் பேதம். அந்தப் பாட்டை இன்னொரு முறை படிப்பிக்கக் கிடைத்தால், பாசறையை விரைவாகக் கடந்து வீட்டிலே அதிக நேரம் நிற்பேன்.

விடியற்காலையில் வாகனம் வந்தது. புழுக்கொடியல், பனாட்டு, பயற்றம் பணியாரம் என்று, நாட்பட இருந்தாலும் பழுதாகாதவற்றைப் பேணிகளில் அடைத்துக் கொடுத்தாள் அம்மம்மா. கூட வரும்படி பிள்ளைகள் எவ்வளவோ கெஞ்சினர். அவள் மறுத்துவிட்டாள். எல்லாம் ஒரு நாளில் ஆறிவிடுவதில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

படலையில் நின்று அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"திரும்பி வந்தவுடனை துணியை வெயிலிலை நல்லாக் காயப்போட வேணும். ஈரத்தோடை மடிச்சால் பூஞ்சணம் பிடிச்சிடும். அடுத்த முறைக்கும் வேணுமெல்லோ?"