பட்டம் தராத ஓராண்டும் அதை நடத்தும் அலுவலகமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் பிற நாட்டு அரசு அலுவலர்கள், வழக்கறிஞர்கள், இதழாளர்கள், பொதுச் சுகாதாரத் துறையினர் முதலியோர் ஏறத்தாழப் பத்து மாதங்கள் தங்கிப் பயில வழிசெய்யும் ஹம்ஃப்ரி நல்கைத் திட்டம், 1978-ஆம் ஆண்டு அதிபர் ஜிம்மி கார்ட்டரின் ஆட்சியில் தொடங்கப்பட்டது. நல்கை என்பது இங்கே கல்விக் கட்டணம், பயணம், மாதச் செலவு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்குப் பணம் தந்து, பணியில் இருக்கும் ஒருவர் சிறிது காலம் விலகி நின்று கற்க இடமளிக்கும் ஏற்பாடு. அந்தப் பணம் அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து வருகிறது. வருபவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பணி அனுபவம் உள்ளவர்கள், தங்கள் நாட்டில் பொறுப்பான பதவி வகிப்பவர்கள். அவர்களுக்குப் பட்டம் வழங்கப்படுவதில்லை. இறுதியில் ஒரு சான்றிதழ் உண்டு, அவ்வளவே. வரையறுத்த பாடத்திட்டம் இல்லாத இந்த ஆண்டுக்கு உருவம் கொடுப்பவர்கள் வகுப்பெடுக்கும் பேராசிரியர்கள் அல்லர். வளாக ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் பணியாற்றும் சிலரே அதைச் செய்கிறார்கள் என்பது வெளியில் அதிகம் பேசப்படாத செய்தி.

திட்டத்தின் பெயருக்கு உரிய ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, தெற்கு டகோட்டா மாநிலத்தில் 1911-இல் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, மினியாபொலிஸ் நகர மேயராகவும், மினசோட்டா மாநிலத்தின் செனட் உறுப்பினராகவும், 1965 முதல் 1969 வரை நாட்டின் துணை அதிபராகவும் விளங்கியவர். கறுப்பின மக்களின் குடிமை உரிமைகளுக்காக 1948-இல் தம் கட்சியின் மாநாட்டிலேயே எதிர்ப்பை மீறிப் பேசினார். 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் செனட்டில் நிறைவேற முன்னின்று உழைத்தார். 1978 ஜனவரியில் அவர் மறைந்தபின், பொதுப்பணியில் இருப்போர் எல்லை கடந்து ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்ற அவருடைய நாட்டத்துக்கு நினைவாகவே இந்நல்கை அமைந்தது.

ஆட்களைத் தெரிவுசெய்யும் வேலை அந்தந்த நாட்டிலேயே தொடங்குகிறது. இந்தியாவில் 1950-இல் ஏற்பட்ட அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை விண்ணப்பங்களைப் பெற்று ஆராய்கிறது; தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அதற்குச் சென்னையிலும் ஒரு மண்டல அலுவலகம் உண்டு. இலங்கையில் கொழும்பிலுள்ள ஃபுல்பிரைட் ஆணையம் அமெரிக்கக் கல்விப் பரிமாற்றங்களைக் கவனிக்கிறது. பரிந்துரைக்கப்பட்டவர்களின் கோப்புகளை 1919-இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட பன்னாட்டுக் கல்வி நிறுவனம், வெளியுறவுத் துறையின் சார்பில், துறைவாரியாகப் பிரித்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவந்துள்ளது. எந்தப் பல்கலைக்கழகம் என்பதை விண்ணப்பதாரர் தாமே தேர்ந்துகொள்ள முடியாது. சட்டமும் மனித உரிமையும் என்றால் மினசோட்டா, வேளாண்மை என்றால் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், பொதுச் சுகாதாரம் என்றால் எமரி, இதழியல் என்றால் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற வகையில், ஒரே துறையைச் சேர்ந்த பத்துப் பேர் அளவிலான குழு, பத்து நாடுகளிலிருந்து ஓரிடத்தில் வந்து சேர்கிறது. அவர்கள் விமானம் ஏறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே கோப்புகள் ஒருங்கிணைப்பாளரின் மேசைக்கு வந்துவிடுவதால், யாருக்கு எந்த வகுப்பு பொருந்தும், யாரை யாரிடம் அழைத்துச் செல்லலாம் என்ற யோசனை அங்கே முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது.

வந்திறங்கியபின் முதல் வாரங்கள் வீடு தேடுவதிலும் வங்கிக் கணக்குத் தொடங்குவதிலும் கழிகின்றன. அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர்கள், வாடகைக்கு வருபவர் முன்பு வாங்கிய கடன்களை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினாரா என்பதைக் காட்டும் கடன் வரலாற்றைக் கேட்பது வழக்கம். நேற்று வந்தவருக்கு அந்த நாட்டில் அப்படி ஒரு வரலாறே இராது. தம் நாட்டில் ஒரு மாவட்டத்தையோ நீதிமன்றத்தையோ நடத்தியவர், இங்கே வாடகைக்குத் தகுதியானவர் என்று நம்பவைக்க ஒரு கடிதத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதுபவர், சுகாதாரக் காப்பீட்டின் விதிகளை விளக்குபவர், மினசோட்டாவின் குளிர் சுழியத்துக்குக் கீழே இருபது டிகிரியையும் தாண்டும் என்பதை அக்டோபரிலேயே சொல்லித் தடித்த மேலங்கிக்கு ஏற்பாடு செய்பவர் எல்லாரும் அந்த அலுவலகத்தினரே. பதவியும் உதவியாளர்களும் வாகனமும் இருந்த ஒருவர், அடையாள அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிய மாணவரைப் போல் ஆகிவிடும் அந்தச் சறுக்கல் பலருக்கு உள்ளூர வலிக்கக்கூடியது. அவர்களுடைய தகுதியை மறவாத மரியாதையோடும், சின்னஞ்சிறு காரியங்களில் கைகொடுக்கும் பொறுமையோடும் ஒருசேர நடந்துகொள்வது எளிய திறமை அன்று. அலுவலக நடைமுறை என்ற சொல்லுக்குள் அது அடங்குவதும் இல்லை.

அந்த அலுவலகத்தினர் தவறவே கூடாத ஒரு வேலை விசா சார்ந்தது. நல்கையாளர்கள் ஜே-1 எனப்படும் பரிமாற்ற விசாவில் வருகிறார்கள். அதற்கு அடிப்படையான டிஎஸ்-2019 படிவத்தில் தங்கும் காலம், படிப்பின் தன்மை, பணம் வரும் வழி ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். முகவரி மாற்றம் போன்ற சிறு செய்திகூட அரசின் செவிஸ் என்ற கணினிப் பதிவேட்டில் உரிய நாளுக்குள் ஏற வேண்டும்; தவறினால் அதன் விளைவு அலுவலரை விடுத்து நல்கையாளரின் தங்கும் உரிமையைத் தாக்கும். மேலும், அமெரிக்க அரசின் பணத்தில் இந்த விசா பெற்றவர் தாயகம் திரும்பி மொத்தம் இரண்டாண்டுகள் வசித்த பிறகே, விலக்கு பெற்றாலொழிய, அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையோ சில வகை வேலை விசாக்களோ பெற முடியும் என்பது சட்டம். கற்றவர்கள் தங்கள் நாட்டுக்கே பயன்பட வேண்டும் என்ற கருத்தில் அமைந்த இந்த விதியைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது ஒருங்கிணைப்பாளரின் கடமை. ஓராண்டுக்குள் ஒருவருடைய நாட்டில் போர் மூண்டாலோ ஆட்சி கவிழ்ந்தாலோ, முதலில் தட்டப்படும் கதவும் அந்த அலுவலகத்தினுடையதே.

இத்தனையும் அடித்தளம் மட்டுமே. உண்மையான உழைப்பு அறிமுகங்களில் இருக்கிறது. ஒவ்வொரு நல்கையாளரும் இந்த ஆண்டில் தாம் எதைக் கற்க விரும்புகிறார் என்று ஒரு தனித்திட்டம் எழுத வேண்டும். அதோடு, குறைந்தது ஆறு வாரங்கள் ஓர் அமெரிக்க நிறுவனத்திலோ அரசு அலுவலகத்திலோ அமர்ந்து அங்குள்ளவர்களுடன் பணியாற்றவும் வேண்டும். இதற்குத் தொழிற்சார் இணைப்பு என்று பெயர். பெரும்பாலோர் முதலில் எழுதிவரும் திட்டம் மிக அகலமாக இருக்கும். குடிநீர் நிர்வாகத்தைக் கற்க வேண்டும் என்று ஒரு பொறியாளர் எழுதினால், கசியும் குழாய்களைக் கண்டறிவதா, கட்டணம் வசூலிப்பதா, ஏழைக் குடியிருப்புகளுக்கு இணைப்பு தருவதா என்று கேட்டுக் கேட்டே ஒருங்கிணைப்பாளர் அதைக் கைக்கு அடங்கும் கேள்வியாக்க வேண்டும். கேள்வி குறுகினால்தான் அதற்கு விடை தரக்கூடிய மனிதர் யார் என்பது புலப்படும். மினசோட்டாவுக்கு இதில் இயற்கையாகவே ஒரு வாய்ப்பு உண்டு: அகதிகளுக்கும் குடியேறியோருக்கும் இலவசச் சட்ட உதவி தரும் மனித உரிமை வழக்கறிஞர் அமைப்பும், 1985-இல் தொடங்கப்பட்ட, சித்திரவதைக்கு உள்ளானோருக்குச் சிகிச்சையளிக்கும் மையமும் மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களில் வேரூன்றியவை. ஆயினும் இத்தகைய அமைப்புகளில் விருந்தினரை ஏற்று ஆறு வாரங்கள் கற்றுக்கொடுக்க யாருக்கு மனமும் நேரமும் இருக்கிறது என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. அது பல ஆண்டுகள் அந்த ஊரில் பழகியவருக்குத் தெரியும்; ஓர் அலுவலர் விலகும்போது அந்த அறிவும் பெருமளவு அவருடனே போய்விடுகிறது.

குழுவினர் வாரந்தோறும் கூடும் கருத்தரங்கு இன்னொரு சோதனைக் களம். எல்லைத் தகராறில் மோதிக்கொண்டிருக்கும் இரு நாட்டு அலுவலர்கள் ஒரே மேசையில் அமர நேரலாம். சிறுபான்மையினர் உரிமை பற்றிப் பேசும் இடத்தில், அந்த உரிமையை மறுக்கும் அரசின் ஊழியரும் அதற்காகச் சிறை சென்றவரும் சேர்ந்து இருக்கலாம். ஊருக்குத் திரும்பியதும் இங்கே சொன்ன சொல் தமக்கு எதிராகப் பயன்படலாம் என்ற அச்சம் சிலரிடம் இருக்கும். ஆகவே அறையில் பேசியது அறைக்குள்ளேயே நிற்கும் என்ற நம்பிக்கையை முதல் மாதத்திலேயே ஊன்றிவிடுவது ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு. அமெரிக்காவின் சொந்தக் குறைகளும் அந்தப் பேச்சில் வரத்தான் செய்யும். அவற்றை மூடி மறைக்காமல், சிறைச்சாலைகளுக்கும் பழங்குடியினர் ஒதுக்கிடங்களுக்கும் விருந்தினரை அழைத்துச் சென்று காட்டுகின்ற திட்டமே மதிப்புப் பெறும்.

ஒருங்கிணைப்பாளர் பதவிகளில் பல, பல்கலைக்கழகத்தின் நிலையான நிதியைச் சாராமல் வெளியுறவுத் துறை தரும் மானியத்தை நம்பி நிற்பவை. 2025 பிப்ரவரியில் அத்துறை தன் பரிமாற்றத் திட்டங்களுக்கான பண வழங்கலை நிறுத்திவைத்தபோது, அமெரிக்காவில் தங்கியிருந்தோரின் மாதச் செலவுக்கான தொகையும், அவர்களைக் கவனித்துக்கொள்வோரின் வேலையும் ஒரே நேரத்தில் கேள்விக்குள்ளாயின. செலவைக் குறைக்க முனைவோர் முதலில் கைவைப்பது நிர்வாகச் செலவு என்ற தலைப்பில்தான். ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் கணக்கில் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். பட்டமும் பாடத்திட்டமும் இல்லாத ஒரு நல்கையில் அந்தச் சம்பளத்தை வெட்டிவிட்டால், மீதியிருப்பது விமானச் சீட்டும், பல்கலைக்கழக நூலகத்துக்கான நுழைவு அட்டையும், நல்கையாளர் தாமே தேடிப் பிடிக்க வேண்டிய பத்து மாதங்களும்தான்.