பத்து ரூபாய்க் காசுக்குப் பதினான்கு முகம்!



"தம்பி, இந்தக் காசு செல்லாது. நோட்டு இருந்தா குடுப்பா!" பஸ்ஸிலோ டீக்கடையிலோ இதைக் கேட்காதவர் நம்மில் எத்தனை பேர்? பத்துக் கோடு இருந்தால் நல்ல காசாம், பதினைந்து கோடு இருந்தால் கள்ளக் காசாம். ரூபாய்ச் சின்னம் இல்லாவிட்டால் சந்தேகமே இல்லையாம், டூப்ளிகேட்டாம்! ஆளுக்கொரு இலக்கணம். உண்மை என்ன? பார்ப்போமா?

பத்து ரூபாய் நாணயம் புழக்கத்துக்கு வந்தது 2009-ல். ரூபாய்ச் சின்னத்தை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 15-ல். அது காசில் ஏறியது 2011-ல். அப்படியானால் அதற்கு முந்தைய காசில் சின்னம் எப்படி இருக்கும்? பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைக்க முடியுமா? கோடுகளின் கதையும் இதேதான். சின்னம் இல்லாத பழைய டிசைனில் பதினைந்து கோடுகள். சின்னத்தோடு வந்த புதியதில் பத்து. இரண்டுமே அரசாங்கக் காசுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சின்னத்தை வரைந்த உதயகுமார் நமக்குப் பக்கத்திலுள்ள கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர் வரைந்த சின்னம் இல்லை என்றுதான் நம்ம ஊர்க் கடைகளில் நல்ல காசு திரும்பி வந்தது!

இவை தவிர நினைவு நாணயங்களும் உண்டு. ஹோமி பாபா நூற்றாண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு, கயிறு வாரியம், அம்பேத்கரின் 125-வது பிறந்த ஆண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டிசைன். இப்படி மொத்தம் 14 டிசைன்கள் வந்துள்ளன, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது.

டிசைன் என்பது வெறும் அழகுக்கு மட்டுமல்ல. அந்தக் கால ஐந்து பைசா சதுரம், மூன்று பைசா அறுகோணம், தடவினாலே தெரியும். 2007-ல் ஒரு ரூபாயில் கட்டைவிரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளலாம். 2019-ல் அறிவித்த இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். பார்வையற்றோர் விரலால் கண்டுகொள்ளவே அந்த ஏற்பாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். காசில் வருஷத்துக்குக் கீழே வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. அச்சடித்த சாலையின் கையெழுத்து அது. மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: டையில் பள்ளமாக வெட்டியது காசில் மேடாக எழும்பும். பத்து ரூபாயின் வெளி வளையமும் நடு வில்லையும் பிரஸ்ஸின் ஒரே அடியில் இறுகிக்கொள்கின்றன, பற்றவைப்பு கிடையாது.

தோழர்களே! பூக்கார அம்மாவிடம் மிஞ்சிய நாலு காசை யாரும் வாங்காவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். அடுத்த முறை யாராவது "செல்லாது" என்றால், சண்டை வேண்டாம். "அண்ணே, முதல்ல வருஷத்தைப் பாருங்க" என்று எடுத்துச் சொல்லுங்கள். படித்த நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?