ஈயத் தகட்டில் வேலை செய்பவரா? தூசியை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்

கோலாலம்பூர்: ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோம். அலுமினியச் சட்டியை ஈயச்சட்டி என்கிறோம். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கும் சாம்பல் நிறத் தகட்டையும் ஈயம் என்றே சொல்கிறோம். பெயர் ஒன்று, உலோகங்கள் மூன்று.

ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. 1857 முதல் கோலாலம்பூர் வளர்ந்ததே இந்த வெள்ளீயச் சுரங்கங்களால்தான். மலாய்மொழியில் இதற்குத் திமா என்று பெயர். பழைய இரும்புக் கடையில் இருப்பது காரீயம். மலாயில் திமா ஹித்தாம். இரசாயன லேபல்களில் பிளம்பம் என்று எழுதியிருக்கும். மூன்றிலும் நச்சு உலோகம் இந்தக் காரீயம்தான். உடலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எங்கெல்லாம் இருக்கிறது?

காரீயத்தை மெல்லிய தாளாகவும் தடித்த தகடாகவும் உருட்டி எடுக்கிறார்கள். எக்ஸ்ரே கதிரைத் தடுப்பதால் மருத்துவமனை, பல் கிளினிக் அறைகளின் சுவருக்குள்ளும் கதவுக்குள்ளும் இதை வைப்பார்கள். பழைய முறை பல் எக்ஸ்ரே பிலிம் உறைக்குள்ளும் மெல்லிய ஈயத்தாள் ஒன்று இருக்கும். பழங்கட்டடக் கூரைகளில் மழைநீர் கசியாமல் இருக்கப் பதித்த தகடு, பழைய மின்கம்பி, தொலைபேசிக் கம்பிகளின் மேலுறை, கார் பேட்டரியின் உள்தட்டுகள், மீன்வலையில் கட்டும் குண்டுகள் எனப் பல இடங்களில் இது இருக்கிறது.

கிள்ளான், காப்பார், ஷா ஆலம், பூச்சோங் வட்டாரங்களில் பழைய உலோக வியாபாரம், கட்டட உடைப்பு, கிளினிக் புதுப்பிப்பு வேலைகளில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு நகருக்கு வந்த குடும்பங்களில் சிலருக்கு இதுவே தொழிலானது. லாரியில் வந்து இறங்கும் பழைய தகட்டில் எச்சரிக்கை லேபல் எதுவும் ஒட்டியிருக்காது. புதிய இரசாயனப் பொருளில் லேபல் இருந்தாலும், 2013-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும்.

எப்படி அடையாளம் காண்பது?

காரீயம் அதன் அளவுக்கு மிகவும் கனமானது. ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.3 கிராம் எடை இருக்கும். வெள்ளீயம் 7.3 கிராம், அலுமினியம் 2.7 கிராம். காரீயத் தாளை மடித்தால் துணி போல மடிந்த இடத்திலேயே நிற்கும். அலுமினியத் தாளைப் போல மொறுமொறுவென்று ஒலிக்காது. புதிதாக வெட்டிய இடம் பளபளக்கும். சில நாளில் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடு போல் விழும்.

ஆனால் காரீயம் மற்ற உலோகத்தோடு கலந்திருந்தால் கையாலும் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் காரீயம் என்று கருதியே கையாள வேண்டும்.

தொட்டாலே ஆபத்தா?

கெட்டியான ஈயத் தகட்டைத் தொட்டதும் விஷம் தோல் வழியாக ஏறிவிடுவதில்லை. தகட்டின் மேல் படியும் பொடி, அதை அரைக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் தூசி, உருக்கும்போது எழும் புகை ஆகியவைதான் உடலுக்குள் போகின்றன. மூச்சு ஒரு வழி. வாய் மற்றொரு வழி. கை கழுவாமல் ரொட்டி சானாய் சாப்பிடுவது, வேலைக்கு நடுவே சிகரெட் பிடிப்பது, வெற்றிலை போடுவது எல்லாம் கையில் உள்ள பொடியை நேராக வயிற்றுக்கு அனுப்பிவிடும்.

எல்லா வேலையிலும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. தகட்டைக் கத்தரியால் வெட்டுவதில் தூசி குறைவு. கிரைண்டரால் அறுப்பது, மணல்தாளால் தேய்ப்பது, கேஸ் வைத்து அறுப்பது, உருக்குவது ஆகியவற்றில் மிக அதிகம். காரீயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சாதாரண அடுப்புச் சூடே அதற்குப் போதும். அதனால்தான் சிலர் வீட்டுக் கொல்லையில், பழைய சட்டியில் உருக்கி வலைக்குண்டு வார்க்கிறார்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் உருகிய ஈயம் தெறித்து முகத்தைச் சுட்டுவிடும். மேலே மிதக்கும் கசடும் நச்சுதான்.

வீட்டுக்கு வரும் தூசி

பெரியவர் உடலில் ஈயம் சேரும்போது வயிற்று வலி, மலச்சிக்கல், தலைவலி, மூட்டு வலி, சோர்வு வரும். இரத்தச் சோகை, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். இவை வேறு நோய்களிலும் வருபவை என்பதால், வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கும் சந்தேகம் எழாமல் போகலாம்.

குழந்தைகளுக்கு இன்னும் மோசம். ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும் பெரியவரைவிடச் சிறு குழந்தையின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சி, படிப்பு, கவனம் பாதிக்கப்படும். அந்தப் பாதிப்பு திரும்பச் சரியாவதில்லை. உள்ளே போன ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து மீண்டும் இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியாகக் கருவையும் அடையும்.

ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், டக்கார் நகர் அருகேயுள்ள தியாரோயே சூர் மேர் என்ற இடத்தில் பழைய கார் பேட்டரிகளை உடைத்து வந்தார்கள். மண்ணில் கலந்திருந்த ஈயத்துக்கு நல்ல விலை கிடைக்க, அந்த மண்ணை அள்ளி, சலித்து, மூட்டையாக வீட்டிலும் வைத்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். அந்தக் குழந்தைகள் எந்தத் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போனவர்கள் அல்லர்.

நம் வீடுகளில் அந்த அளவுக்கு மண் வராது. ஆனால் வழி அதேதான். வேலைச் சட்டை, சப்பாத்து, மோட்டார் சைக்கிள் இருக்கை, சாப்பாட்டு டப்பா ஆகியவற்றில் ஒட்டி வரும் தூசி, தரையில் தவழும் குழந்தையின் கைக்குப் போகிறது.

செய்ய வேண்டியவை

வேலையிடத்தில் கையுறையும், நுண்தூசியை வடிகட்டும் சுவாசக் கவசமும் அணிய வேண்டும். துணி முகக்கவசம் போதாது. காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. காற்றடித்து விரட்டவும் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். சாப்பாடும் தண்ணீரும் வேலை நடக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவ வேண்டும். கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லும், ஈயத்தை நீக்காது.

வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது. வசதி இல்லையென்றால் வீட்டு வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பிள்ளையைத் தூக்கும் முன் குளிக்க வேண்டும். வேலைத் துணியை உதறாமல் தனியாகத் துவைக்க வேண்டும்.

பேட்டரியை வீட்டில் உடைக்கவே கூடாது. 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஈய பேட்டரிக் கழிவு எஸ்டபிள்யூ 102 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக உள்ளது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற இடத்தில்தான் அதைப் பிரிக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ ஈயச்சொம்பு வாங்கும்போது, அது சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டு, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போதும் இதையே கேளுங்கள். பழைய பற்றாசைத் துண்டுகளில் காரீயம் கலந்திருக்கக்கூடும்.

பால் குடித்தால் போதுமா?

ஈய வேலை செய்பவர் தினமும் பால் குடித்தால் விஷம் முறிந்துவிடும் என்ற நம்பிக்கை சிலரிடம் உண்டு. அப்படி முறியாது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் போதிய அளவில் உள்ள உடல் ஈயத்தைக் குறைவாக உறிஞ்சும், அவ்வளவுதான். முருங்கைக்கீரை, பருப்பு, நெத்திலி, முட்டை ஆகியவை நல்லவை. ஆனால் அவை பாதுகாப்பு முறைகளுக்கு மாற்று அல்ல. உடலில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனைதான் காட்டும். அளவு மிக அதிகமாக இருந்தால் மருத்துவரே மருந்து கொடுப்பார்.

உங்கள் உரிமை

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வீட்டுப் பணியாளர், ஆயுதப்படை, கப்பல் வேலை தவிர எல்லா வேலையிடங்களுக்கும் அது பொருந்தும். நான்கு பேர் வேலை செய்யும் பழைய இரும்புக் கடைக்கும்தான். உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது, முதலாளி அதை நீக்காவிட்டால் அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை அது தொழிலாளிக்குக் கொடுக்கிறது. கடமை தவறும் முதலாளிக்கு 500,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். ஈயத்தால் வரும் நோய், சொக்சோ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் உள்ளது.

ஈயத்தில் வேலை செய்பவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது, "நான் திமா ஹித்தாமில் வேலை செய்கிறேன், இரத்தத்தில் பிளம்பம் அளவு பார்க்க வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். வெறும் ஈயம் என்று சொன்னால் எந்த உலோகம் என்று புரியாமல் போகலாம். வீட்டில் கர்ப்பிணியோ ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையோ இருந்தால் அவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பரிசோதனை அறிக்கையின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு சொக்சோவில் விண்ணப்பிக்க நேர்ந்தால் அது உதவும்.