சித்திரப் படமும் சிக்கனமும்

“பொம்மைப் படந்தானே, அதில் தரம் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்கும் பெரியவர்கள் நம்மில் பலர் உண்டு. குழந்தைகள் அவ்வாறு நினைப்பதில்லை. “அந்தப் படத்தில் பூனை ஓடியது, இந்தப் படத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது” என்று பார்த்தவுடனே சொல்லிவிடுகிறார்கள். 2025ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி ‘மகாவதார் நரசிம்மா’ என்னும் அனிமேஷன் சித்திரம் வெளியானபோது, ரேணிகுண்டாவில் எங்கள் அலுவலகத்திலும் பகலுணவு வேளையில் இந்த வாதமே நடந்தது. பக்தியும் வேகமும் மனத்தைக் கவர்ந்தன என்றார் ஒருவர். முகங்கள் மரப்பாச்சியைப் போல் இருந்தன என்றார் மற்றொருவர். இரண்டும் காரணமுள்ள பேச்சே. ஆகவே, இப்படங்களில் செலவு எங்கே போகிறது, முதலாளிகள் எங்கே கை வைக்கிறார்கள் என்பதைச் சற்று ஆராய்வோம்.

திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. தொண்ணூறு நிமிடப் படத்திற்கு இவை 1,29,600 ஆகும். ஒவ்வொரு சித்திரத்தையும் இருமுறை படம் பிடித்தால் 64,800 சித்திரங்கள் போதும். மும்முறை பிடித்தால் 43,200 போதும். சித்திரம் குறையக் குறையச் செலவு குறைகிறது. அசைவின் நயமும் குறைகிறது. இத்தொழிலின் சிக்கனம் முழுவதும் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்ததே எனலாம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் நன்கறிந்த ‘டாம் அண்டு ஜெர்ரி’யின் வரலாறே இதற்குச் சான்று. 1940ஆம் ஆண்டு ஹன்னா, பார்பெரா என்னும் இருவர் தொடங்கிய அவ்வரிசை ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. ஆயினும், பழைய படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினாலே போதிய வருமானம் வருகிறது என்று கண்ட எம்.ஜி.எம். நிறுவனம் 1957இல் அப்பிரிவையே மூடிவிட்டது. பின்னர், 1961, 1962ஆம் ஆண்டுகளில் பிராக் நகரில் சிறு செலவில் பதின்மூன்று படங்கள் எடுக்கப்பட்டன. இவற்றை அந்தப் பூனை எலியின் படங்களாகவே ஏற்க மறுக்கும் இரசிகர்கள் இன்றும் உளர்.

வேலையிழந்த ஹன்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்குச் சென்றனர். அங்கே பணமும் குறைவு, காலமும் குறைவு. அவர்கள் ஓர் உபாயம் செய்தனர். யோகி என்னும் கரடிக்குக் கழுத்துப்பட்டை அணிவித்தனர். உடல் அசையாதிருக்க, பட்டைக்கு மேலுள்ள தலையை மட்டும் மாற்றி வரைந்தால் போதுமன்றோ! அசைவில் குறைந்ததைப் பேச்சின் சுவையால் ஈடு செய்தனர். ஜப்பானில் தெசூகா ஒசாமு 1963இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை எடுத்தபோதும் இதுவே நேர்ந்தது. சித்திரங்களைச் சுருக்கினார், கதையைச் சுருக்கவில்லை. ஆகவே, குறைந்த செலவு என்பதே குற்றமாகிவிடாது.

குற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. வெற்றி பெற்ற படத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உழைப்பை விட்டுவிடுவதே குற்றம். ‘அலாவுதீன்’ படத்தின் வெற்றிக்குப் பின், டிஸ்னி நிறுவனம் 1994இல் ‘ஜாபரின் மீட்சி’ என்னும் தொடர்ச்சியைக் கொட்டகைக்கு அனுப்பாமல் நேரே வீடியோ நாடாவாக விற்றது. பூதத்திற்குக் குரல் கொடுத்த ராபின் வில்லியம்ஸ் அதில் இல்லை. படம் நன்றாக விற்றது, அதுவே வினையாயிற்று. சிங்க ராஜாவுக்கும் சிண்டரெல்லாவுக்கும் அவ்வாறே மலிவான தொடர்ச்சிகள் அடுத்தடுத்து வந்தன. 2006இல் பிக்சார் நிறுவனம் டிஸ்னியோடு இணைந்த பின்னரே அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது.

அந்தப் பிக்சார் நிறுவனத்தார் முன்னரே வேறு வழி காட்டியிருந்தனர். ‘டாய் ஸ்டோரி’யின் இரண்டாம் பாகமும் முதலில் வீடியோவுக்கென்றே தொடங்கப்பட்டது. தரம் போதாது என்று கண்டு, ஏறக்குறைய ஒன்பது மாதங்களில் கதையைப் பெரும்பாலும் புதிதாக அமைத்து, 1999இல் கொட்டகைக்கே கொண்டுவந்தனர். அதற்காக இரவு பகல் உழைத்த கலைஞர்களில் சிலர் கைகளில் நோவு கண்டனர் என்பதையும் மறத்தலாகாது. தரத்திற்கும் ஒரு விலையுண்டு; அதைப் பெரும்பாலும் பெயர் தெரியாத தொழிலாளியே கொடுக்கிறான்.

நம் நாட்டிற்கு வருவோம். சென்னை பென்டாமீடியா நிறுவனம், நடிப்பவரின் அசைவைப் பதிவு செய்து கணிப்பொறி உருவத்திற்கு ஏற்றும் முறையிலேயே ஒரு சிந்துபாத் கதையை 2000ஆம் ஆண்டில் முழுநீளப் படமாக்கியது. 2007இல் ‘இனிமே நாங்கதான்’ இளையராஜாவின் இசையோடு வந்தது. 2014ஆம் ஆண்டு மே மாதம் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய ‘கோச்சடையான்’ வெளிவந்தது. 2009இல் மறைந்த நாகேஷை அது மீண்டும் திரையில் நடமாடச் செய்தது. புதுமுயற்சி என்று போற்றினர் ஒரு சாரார். கண்களில் உயிரில்லை என்று வருந்தினர் மற்றொரு சாரார்.

மாறாக, 1993இல் யூகோ சாகோ என்னும் ஜப்பானியரும் நம் ராம் மோகனும் கோயிச்சி சசாகியும் கையால் வரையச் செய்து எடுத்த இராமாயணச் சித்திரம், முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து 2025 ஜனவரியில் தமிழிலும் தெலுங்கிலும் பேசிக்கொண்டு நம் கொட்டகைகளுக்கு வந்தது. கருவி பழையது, உழைப்பு பழையதாகவில்லை.

இரயில்வேயில் பணி செய்யும் எனக்கு இதைச் சொல்ல ஒரு வழியுண்டு. வண்டிக்குப் பூசும் வர்ணத்தில் சிக்கனம் செய்யலாம். பிரேக் கட்டையில் செய்யலாகாது. சித்திரப் படத்திற்குப் பிரேக் கட்டை போன்றவை மூன்று: கதை, முகத்தின் உயிர், பேசும் மொழி.

மூன்றாவதுதான் நம்மைப் போன்ற குடும்பங்களைத் தொடுவது. ரேணிகுண்டாவிலும் திருப்பதியிலும் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வீட்டிற்கு வெளியே அவர்கள் தமிழ் கேட்கும் இடங்களில் சித்திரப் படமும் ஒன்று. 2007இல் சுட்டி டிவி தொடங்கிய பின் எத்தனையோ குழந்தைகள் அதன் வாயிலாகத் தமிழ்ச் சொற்களைக் கற்றனர். அத்தகைய படத்தில் வாயசைவுக்குப் பொருந்தாத, உயிரற்ற, அவசரத் தமிழ் ஒலிக்குமாயின், குழந்தை அதைப் படத்தின் குறையென்று எண்ணாது. தமிழே இப்படித்தான் போலும் என்று எண்ணிவிடும். அந்த நட்டம் எந்த முதலாளியின் கணக்கிலும் ஏறுவதில்லை. நம் இல்லத்தின் கணக்கிலேயே ஏறுகிறது.

‘நரசிம்மா’ அதுவரை இந்தியாவில் எடுக்கப்பட்ட அனிமேஷன் படங்கள் அனைத்தையும்விட மிகுதியாக வசூலித்தது. பரசுராமர் முதல் கல்கி வரை, 2037ஆம் ஆண்டு முடிய, அவ்வரிசையில் மேலும் ஆறு படங்கள் எடுக்கப்போவதாகவும் அறிவித்துள்ளனர். முதற்படத்தின் பணம் இரண்டாம் படத்தின் முகங்களுக்கு உயிரூட்டச் செலவாகுமா, அல்லது பெயரே போதும் என்று பெட்டியில் தங்குமா என்பதில் பார்ப்பவர்க்கும் பங்குண்டு. தசாவதாரக் கதை நமக்குப் புதிதன்று. பிரகலாதன் தூணைச் சுட்டிக்காட்டும் கட்டத்தைத் தம் பாட்டி எவ்வாறு சொன்னாள் என்பது நம்மில் பலர்க்கும் நினைவிருக்கும். அந்த நினைவைத் துலாக்கோலாகக் கொண்டு படத்தை நிறுத்துப் பார்ப்போம். நன்றாயிருந்தால் குடும்பத்தோடு சீட்டு வாங்குவோம். பெயரை மட்டும் நம்பி இரண்டாம் பாகத்திற்கு ஓட வேண்டாம். திருப்பதிக் கொட்டகைகளில் தமிழ்ப் பதிப்புக்கும் ஒரு காட்சி தரும்படி நம் சங்கத்தின் வாயிலாகக் கேட்போம். படம் முடிந்து வீடு திரும்பியதும், குழந்தையை அருகில் அமர்த்தி, அதே கதையைத் தமிழில் நம்மிடம் சொல்லச் சொல்லிக் கேட்போம். அவ்வாறு சொல்ல வைக்கும் படமே நல்ல படம்.