சுருக்கெழுத்து: எழுதினால் போதுமா, படிக்க வேண்டாமா?

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போர்டுகளில் 'ஷார்ட்ஹேண்ட்' என்ற வார்த்தையைப் பார்த்திருப்பீர்கள். வேலைக்காக மட்டும் படிப்பது என்று இதை ஒதுக்க வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தால் நல்ல பொழுதுபோக்காகவே கற்கலாம். ஆனால் எழுதும் வேகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாவிட்டால் அந்த நோட்டால் பயனில்லை.

எப்படி இயங்குகிறது?

ஐசக் பிட்மன் தம் முறையை 1837-ல் இங்கிலாந்தில் வெளியிட்டார். இதில் ஸ்பெல்லிங் கிடையாது. காதில் விழும் ஒலியை மட்டும் எழுத வேண்டும். ஒரு சாய்கோட்டை மெல்லியதாக இழுத்தால் 'பேப்பர்' என்பதன் முதல் ஒலி. அதையே அழுத்தி இழுத்தால் 'பஸ்' என்பதன் முதல் ஒலி. உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கோடும் உண்டு. வேகமாக எழுதும்போது இவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

ஜான் ராபர்ட் கிரெக் 1888-ல் வெளியிட்ட முறையில் அழுத்தத்துக்குப் பதில் நீளம் பேசும். குட்டைக் கோடு ஓர் ஒலி, அதே கோடு நீண்டால் இன்னோர் ஒலி. இதற்குப் பால்பாயின்ட் பேனாவே போதும்.

மென்பொருள் எழுதும் என் கண்ணுக்கு இது ஃபைலைச் சுருக்குவது போலத் தெரிகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். ஜிப் ஃபைலைத் திறந்தால் எல்லா எழுத்தும் அப்படியே திரும்பி வரும். சுருக்கெழுத்தில் விட்டுப்போனதைப் படிப்பவர்தான் நிரப்ப வேண்டும். தமிழருக்கு இது புதிதல்ல. 'பாட்டு', 'பஸ்' இரண்டுக்கும் ஒரே 'ப'வைத்தான் எழுதுகிறோம். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். இடம் பார்த்துப் படித்தார்கள்.

டிக்கன்ஸ் விட்ட புதிர்

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இளமையில் நிருபராக இருந்தபோது கர்னி என்பவரின் சுருக்கெழுத்தைக் கற்றார். பிறகு சொந்தக் குறிகளையும் சேர்த்துக்கொண்டார். விளைவு? 1859-ல் அவர் எழுதிய ஒரு கடிதத்தை 160 ஆண்டுகளுக்கு மேல் யாராலும் படிக்க முடியவில்லை. ஆய்வாளர்கள் அதைப் பொதுமக்கள் முன் புதிராக வைத்தார்கள். 2022-ல்தான் அதன் பெரும்பகுதி புரிந்தது. விடை தந்தவர்களில் அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஊழியர் ஒருவரும் உண்டு.

கம்ப்யூட்டரில் பயிற்சி

பழைய பிட்மன், கிரெக் பாடநூல்கள் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குறிகளைக் கற்றபின் இப்படிச் செய்யுங்கள்.

1. வேர்டு புரோகிராமில் 400 சொற்கள் கொண்ட ஓர் ஆங்கிலப் பகுதியை டைப் செய்யுங்கள். சொல் எண்ணிக்கை திரையின் கீழே தெரியும்.

2. அதை 5 நிமிடத்தில் படித்து ஒலிப்பதிவு செய்யுங்கள். இது நிமிடத்துக்கு 80 சொல்.

3. வி.எல்.சி. பிளேயரில் வேகத்தை 0.50 ஆக்குங்கள். இப்போது 40 சொல்தான். கேட்டு எழுதுங்கள். பழகியபின் வேகத்தை 0.60, 0.70 என்று கூட்டலாம். ஒவ்வொரு படிக்கும் 8 சொல் கூடும்.

4. மறுநாள் ஒலியைக் கேட்காமல், நோட்டை மட்டும் பார்த்து டைப் செய்யுங்கள்.

5. வேர்டில் 'ரிவ்யூ' டேபில் உள்ள 'கம்பேர்' வசதியில் இரண்டு ஃபைல்களையும் கொடுங்கள். மாறிய சொற்களை அதுவே அடையாளம் காட்டும்.

அடையாளம் காட்டிய சொற்களுக்கு மட்டும் உயிர்க்குறிகளை விடாமல் போட்டுப் பழகுங்கள். பிழை குறைந்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.

நோட்டை ஸ்கேன் செய்தாலும் சாதாரண ஓ.சி.ஆர். புரோகிராம்கள் இந்தக் கோடுகளை எழுத்தாக மாற்றித் தராது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதியையும் தலைப்பையும் வழக்கமான எழுத்தில் எழுதுங்கள். நீங்களாக உண்டாக்கிய குறிகளுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போடுங்கள். உங்களுக்குப் பின் அந்த நோட்டை எடுப்பவருக்கு அதுதான் சாவி.