திரைக்குள் உலகங்கள் – 11: வெறுப்பின் கணக்கு

சுரங்கப்பாதையின் வளைவில் நான்கு கொள்ளைக்காரர்கள் நிற்கிறார்கள். இந்தப் பக்கம் ஐந்து பேர்: கேடயம் ஏந்திய போர்வீரர், காயம் ஆற்றும் ஹீலர், மந்திரவாதி, வில்லோடு ஒரு வேடர், இரண்டு கத்தியோடு ஒரு ரோக். இடம், ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் வெஸ்ட்ஃபால் வயல்களுக்கு அடியில் இருக்கும் டெட்மைன்ஸ்.

மந்திரவாதி ஒரு கொள்ளைக்காரனைச் செம்மறியாடாக மாற்றிவிடுகிறார். யாரும் அடிக்காதவரை கொஞ்ச நேரத்துக்கு அவன் ஆடாகவே திரிவான். மிச்சம் மூன்று பேர். போர்வீரர் பாய்ந்து முதல் ஆளை வெட்ட, மூவரும் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அவருடைய உயிர்க்கோடு சரசரவென்று இறங்குகிறது. ஹீலர் மந்திரம் ஓதுகிறார். கோடு மறுபடி ஏறுகிறது. உடனே, வெட்டுப்படாத இரண்டு கொள்ளைக்காரர்களும் போர்வீரரை விட்டுவிட்டு ஹீலரைக் குறிவைத்து ஓடுகிறார்கள். அவர் உடம்பில் இருப்பது வெறும் துணி. ஐந்தாறு அடிக்கு மேல் தாங்க மாட்டார். அவர் விழுந்தால் போர்வீரர் விழுவார், அப்புறம் மற்ற மூவரும்.

அவர்கள் ஏன் ஹீலரைத் தேடி ஓடினார்கள்? அவர் யாரையும் தொடக்கூட இல்லையே!

பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் இந்த வகை விளையாட்டுகளின் சண்டை முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வாள் வீச்சும் நெருப்புப் பந்தும் தெரியும். உள்ளே இருப்பவரின் முதல் கவலை, அரக்கன் இப்போது யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது.

ஒவ்வொரு எதிரியிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. தன்னோடு மோதியவர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஓர் எண். விளையாடுகிறவர்கள் அதை ‘அக்ரோ’ என்பார்கள், ‘த்ரெட்’ என்பார்கள். நாம் வெறுப்பு என்று வைத்துக்கொள்வோம். யார் மீது வெறுப்பு அதிகமோ, அவருக்கு அடி விழும். வார்கிராஃப்டில் கணக்கு எளிது. ஒரு புள்ளி சேதத்துக்கு ஒரு புள்ளி வெறுப்பு. காயம் ஆற்றுவதற்கு அதில் பாதி. ஆனால் அந்தப் பாதி, சண்டையில் இருக்கும் எதிரிகள் அத்தனை பேரின் பட்டியலிலும் பங்கு பிரித்து ஏறும். நம் போர்வீரர் வெட்டியது ஒருவனைத்தான். மற்ற இருவரின் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக எண் எதுவும் இல்லாத குறைதான். அந்த நிலையில் ஹீலர் ஒரு காயத்தை ஆற்றினார். அவர் பெயர் மேலே ஏறிவிட்டது.

இதைத் தடுப்பதுதான் டேங்க் என்று அழைக்கப்படும் போர்வீரரின் தொழில். எதிரியைக் கொல்லும் பொறுப்பு அவருக்கு இல்லை. தன்னை வெறுக்க வைக்கும் பொறுப்பு உண்டு. வார்கிராஃப்டின் ஆரம்ப காலத்தில் அதற்கென்றே அவரிடம் வித்தைகள் இருந்தன. எதிரியின் கவசத்தைப் பிளக்கும் ‘சண்டர் ஆர்மர்’ சேதம் எதுவும் செய்யாது, ஆனால் பட்டியலில் அவரைத் தூக்கிவிடும். ‘டான்ட்’ என்றொரு சீண்டல் உண்டு. அதைப் போட்டால், பட்டியலில் முதலிடத்தில் இருப்பவரின் எண் எவ்வளவோ அவ்வளவும் டேங்க்குக்கு வந்துவிடும். தப்பி ஓடும் எதிரியைத் திருப்ப அதுவே கடைசி வழி. ஒருமுறை பயன்படுத்திவிட்டால் மறுபடி கிடைக்கப் பத்து விநாடி ஆகும்.

இதில் நேரம் குறுக்கே நிற்கிறது. ஒரு வித்தையைப் போட்ட பிறகு அடுத்ததற்குப் பொதுவாக ஒன்றரை விநாடி பொறுக்க வேண்டும். மூன்று எதிரிகளை ஆளுக்கொரு முறை தொட்டுவரவே மூன்று விநாடிக்கு மேல் போய்விடும். போர்வீரரின் வித்தைகளுக்குத் தேவையான ஆற்றலுக்கு ‘ரேஜ்’ என்று பெயர். சண்டைக்கு வெளியே அது வடிந்துபோகும். அடித்தால் ஏறும், அடிபட்டாலும் ஏறும். ஆகவே தொடக்க விநாடிகளில் அவர் கையில் அதிகம் இருக்காது, மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும். நாற்பது பேர் சேர்ந்து இறங்கும் மோல்டன் கோர் போன்ற பெரிய சண்டைகளில், “சண்டர் ஏறட்டும், அதுவரை யாரும் தொடாதீர்கள்” என்று தலைவர் கத்துவது வழக்கமாக இருந்தது. அந்தச் சில விநாடிகளைப் பொறுக்காத ஒரு மந்திரவாதியால் நாற்பது பேரும் செத்து, சுடுகாட்டிலிருந்து ஆவியாக ஓடிவந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதற்கும் எண் உண்டு. டேங்க் மீதுள்ள வெறுப்பு 10,000 என்று வையுங்கள். பக்கத்தில் நின்று குத்தும் ரோக் 11,000-ஐத் தாண்டினால் அரக்கன் அவர் பக்கம் திரும்புவான். தூரத்தில் நிற்கும் மந்திரவாதிக்கு 13,000 வரை இடம் உண்டு. முதல் சில ஆண்டுகளில் இந்த எண்கள் எதையும் விளையாட்டு காட்டவே இல்லை. ஆட்களே இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் அடித்து நிறுத்த, மற்றவர் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, எந்தப் புள்ளியில் எதிரி திரும்புகிறது என்று குறித்துக் கண்டுபிடித்தார்கள். அதோடு விடவில்லை. ஒவ்வொருவர் கணினியும் தன் ஆளின் வெறுப்பைத் தானே கணக்கிட்டு, குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கு அனுப்பும் துணை நிரல்களை எழுதினார்கள். திரையோரத்தில் ஒரு பட்டை வரிசை தெரியும். டேங்கின் பட்டையை உங்கள் பட்டை நெருங்கினால் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குத் தேவையான எண்ணை 2008-ல்தான் விளையாட்டே கொடுக்கத் தொடங்கியது. நாற்பது பேர், தங்கள் பலத்தை முழுதாகக் காட்டாமல் அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்ட இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எண்களால் நடக்கும் இந்தச் சண்டை முறை வார்கிராஃப்டின் கண்டுபிடிப்பு இல்லை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டிலேயே வாள் படுமா படாதா என்பதைப் பகடை தீர்மானித்தது. அந்தப் பகடை கணினிக்குள் போனது. 1978-ல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் பின்னர் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய ‘மட்’ என்ற எழுத்து விளையாட்டைப் பற்றி முன்பே பார்த்தோம். அந்த வழியில், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணினித்துறை மாணவர்கள் 1990-களின் தொடக்கத்தில் ‘டிக்குமட்’ செய்தார்கள். 1999 மார்ச் 16 அன்று வெளியான ‘எவர்குவெஸ்ட்’, அந்தச் சண்டை முறைக்கு முப்பரிமாண உருவம் கொடுத்தது. டிக்குமட்டோடு இருந்த ஒற்றுமை அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால், அதன் நிரலைத் திருடியதாகப் பேச்சு எழுந்தது. ஒரு வரிகூட எடுக்கவில்லை என்று எவர்குவெஸ்டை எழுதியவர்கள் 2000-ல் சத்தியம் செய்து கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

அன்றைய தொலைபேசி இணைப்பும் இந்த முறையை நிலைக்கச் செய்தது. மோடத்தின் வழியே நீங்கள் அழுத்திய விசை சர்வருக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் விநாடியோ அதற்கு மேலோ ஆகிவிடும். உங்கள் வாளின் நுனி அந்த நொடியில் அரக்கனின் கழுத்தில் இருந்ததா என்று பார்ப்பது நடக்காத காரியம். அதனால் எவர்குவெஸ்டில் நீங்கள் எதிரியைத் தேர்ந்தெடுத்து, தாக்குதலைத் தொடங்கிவைத்தால் போதும். வாள் தன் வேகத்துக்குத் தானே வீசிக்கொண்டிருக்கும். பட்டதா இல்லையா என்பதை சர்வர் பகடை உருட்டிச் சொல்லும். கையின் வேகத்துக்கு வேலை குறைந்தது. யாரை அடிப்பது, எப்போது நிறுத்துவது, யாரைக் காப்பது என்ற யோசனைக்கு வேலை கூடியது.

நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு எண்களை எறியும் சண்டை ஒரு சண்டையா என்று கேட்பவர்கள் உண்டு. 2012-ல் வந்த ‘கில்டு வார்ஸ் 2’ அவர்கள் பக்கம் நின்றது. தனி ஹீலர் வேண்டாம், டேங்க் வேண்டாம்; எல்லோருக்கும் சொந்தமாக ஒரு மருந்து வித்தை, அடியிலிருந்து உருண்டு விலக ஒரு விசை. விளையாட அது மிக நன்றாகவே இருந்தது. ஆனால் 2015 நவம்பரில் பத்துப் பேருக்கான ரெய்டு சண்டைகளைக் கொண்டுவந்தபோது, கவச உறுதி அதிகமுள்ள ஒருவரையே முதல் அரக்கன் துரத்தும்படி வைத்தார்கள். டேங்க் திரும்பி வந்துவிட்டார். பின்னாலேயே ஹீலரும்.

தன்னைத் தானே காத்துக்கொள்ள முடிந்த பத்துப் பேர் ஒரே அரக்கனை அடிப்பது ஒரு வகை. தன்னால் தன்னைக் காத்துக்கொள்ளவே முடியாத ஒருவரை, முன்பின் தெரியாத நான்கு பேர் காப்பது வேறு வகை. நான் இரண்டாவது கட்சி. அதற்குக் காரணம் எவர்குவெஸ்டின் கிளரிக்குகள்.

அந்த விளையாட்டில் காயம் ஆற்றும் பாத்திரத்துக்குக் கிளரிக் என்று பெயர். அவர்களுடைய பெரிய மந்திரம் ‘கம்ப்ளீட் ஹீல்’. ஓதி முடிக்கப் பத்து விநாடி ஆகும். டிராகன் அடிக்கும் அடிக்கு டேங்க் பத்து விநாடி தாங்க மாட்டார். ஆகவே காயம் படுவதற்கு முன்பே ஓதத் தொடங்கியாக வேண்டும். ஆறு கிளரிக்குகள் இருந்தால் ஆளுக்கு ஓர் எண். முதலாமவர் தொடங்குவார். இரண்டு விநாடி கழித்து அடுத்தவர், இன்னும் இரண்டு விநாடியில் மூன்றாமவர். ஆறாமவர் தொடங்கியதும் வரிசை மறுபடி முதலாமவரிடம். ஒவ்வொருவரும் தன் எண்ணை அரட்டைப் பலகையில் போடுவார்; அதைப் பார்த்து அடுத்தவர் விசையை அழுத்துவார். தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையாக நின்று குடம் கைமாற்றுவதைப் போன்ற வேலை. நடுவில் ஒருவர் வீட்டில் தொலைபேசி இணைப்பு அறுந்தால், இரண்டு விநாடி என்பது நான்கு விநாடி ஆகும். அந்த இடைவெளியில் டேங்க் செத்திருப்பார்.

மந்திரம் ஓதச் செலவாகும் ஆற்றலுக்கு மானா என்று பெயர். கிளரிக்கின் மானா தீர்ந்தால் அது விரைவாக ஏற உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பவரைத் தாக்கத்தான் எவர்குவெஸ்டின் எதிரிகள் அதிகம் விரும்பும்! ஆரம்ப காலத்தில், லெவல் குறைந்தவர்கள் உட்கார்ந்து தியானம் செய்யும்போது மந்திரப் புத்தகம் விரிந்து திரையை மறைத்துவிடும். எதிரே என்ன நடக்கிறது என்றே தெரியாது. புத்தகத்தைப் பார்த்தபடி, தன்னை மற்றவர்கள் காப்பார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். செத்தால் அனுபவப் புள்ளிகள் பறிபோகும். அந்த நாட்களில் உடல் உடைமைகளோடு செத்த இடத்திலேயே கிடக்கும். நீங்கள் எங்கோ வெறுங்கையோடு கண் விழிப்பீர்கள்.

இந்தக் கிளரிக்குகளின் பெரிய நாள் 2003 நவம்பரில் வந்தது.

2000 டிசம்பரில் வந்த வெலியஸ் விரிவாக்கத்தில் ஒரு கல்லறை உண்டு. கேரஃபிர்ம் என்ற டிராகன் அதில் உறங்குகிறது. காவலிருக்கும் நான்கு டிராகன்களும் செத்தால் அது எழும். எதிர்ப்பட்டவர்களைக் கொன்றுகொண்டே வெளியேறும். அதன்பின் அந்த சர்வரில் அது வரவே வராது. கொல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல அது. ரல்லோஸ் ஸெக் என்ற சர்வரில் மட்டும் அதை நெடுங்காலம் எழுப்பாமல் வைத்திருந்தார்கள். ஆட்கள் ஒருவரை ஒருவர் கொல்ல அனுமதி உள்ள சர்வர் அது. அங்கே கில்டு எனப்படும் மூன்று ஆட்டக் குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 200 பேர் சேர்ந்து, எழுப்பிக் கொன்று பார்ப்பது என்று முடிவு செய்தார்கள்.

அதன் முன்னால் எந்த டேங்கும் நிற்க முடியாது. வெறுப்புப் பட்டியலில் முதலில் இருப்பவர் விழுவார், அடுத்தவர் விழுவார், அதற்கடுத்தவர். ஆனால் பட்டியல் காலியாகிவிடக் கூடாது. காலியானால் எதிரி சண்டையை விட்டுவிட்டு உயிரை மீட்டுக்கொள்ளும். ஆகவே விழுகிறவர்களைவிட வேகமாக எழுப்ப வேண்டும். பல மாத உழைப்பில் கிளரிக்குகள் பெற்ற ஒரு தண்டாயுதம் இருந்தது. மானா செலவில்லாமல் செத்தவரை எழுப்பும். அதை வைத்துக்கொண்டு எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். எழுந்தவர் தன் உடலிலிருந்து கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடிப்போய் இரண்டு அடி அடித்துவிட்டு மறுபடி விழுவார்.

முதல் முயற்சியில் டிராகனுக்குக் கால்பங்கு உயிர் மிச்சமிருந்தபோது, விளையாட்டை நடத்துபவர்கள் அதைத் திடீரென்று மறைத்துவிட்டார்கள். கொந்தளிப்பு எழுந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. நவம்பர் 17 அன்று, ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடந்த சண்டையில் கேரஃபிர்ம் செத்தது. எடுத்துக்கொள்ள அதன் உடலில் ஒரு பொருளும் இல்லை.

அந்தச் சண்டையில் மற்ற எவரையும்விட அதிகம் உழைத்த கிளரிக்குகளில் பெரும்பாலோர் டிராகனை ஒருமுறைகூட அடித்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய திரையில் தெரிந்தது சடலங்களும் பெயர்களும்தான்.

அடுத்த வாரம்: 2005 செப்டம்பரில், வார்கிராஃப்டின் ஸுல்குருப் கோயிலில் ஒரு பாம்புக் கடவுள் போட்ட மந்திரம் சண்டைக்களத்தைத் தாண்டி ஊருக்குள் பரவியது. அதைத் தொற்றுநோய் ஆய்வாளர்கள் உட்கார்ந்து படித்த கதை.

(தொடரும்)